மும்பை ஃப்ளாட்டில் மாதிரி ரயில்: கட்டுவது, காட்சிக்கு வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவராத்திரி நெருங்கும்போதும், பள்ளி விடுமுறை தொடங்கும்போதும் எங்கள் சிறு குழுவிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் ஃப்ளாட்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். தனி வீடும் மாடியில் ஒரு காலி அறையும் வாய்த்த பாக்கியசாலிகளுக்கு இதில் பாதி பொருந்தாது.

ஒன் பிஎச்கே வீடு. இதில் லேஅவுட் (தடமும் காட்சியும் சேர்ந்த பலகை அமைப்பு) வைக்க இடம் ஏது?

டேப்பை எடுத்துக்கொண்டு முதலில் லிஃப்டுக்குப் போங்கள். லிஃப்டின் உள் ஆழம், கதவின் அகலம், மாடிப்படி திரும்பும் இடத்தில் கிடைக்கும் நீளம், வாடகைக்கு எடுக்கப்போகும் வண்டியின் பின்பக்கம், இந்த நான்கையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் பலகையின் அளவு. பெரும்பாலான பழைய சொசைட்டி லிஃப்டுகளில் 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலப் பலகையைச் செங்குத்தாக நிறுத்திக் கொண்டுபோகலாம். 120 செ.மீ. என்றால் வாட்ச்மேன் சிரிப்பார்.

ஹாலில் எவ்வளவு இடம் என்பது இரண்டாவது கேள்விதான். அப்படிப்பட்ட பலகை மூன்று இருந்தால் இரண்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் சாப்பாட்டு மேஜையில் வைத்து வேலை செய்யலாம். வீட்டை விட்டு வெளியே போகவே முடியாத லேஅவுட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க ஆள் வரும் நாள் ஒன்று முன்னால் இல்லாவிட்டால் முடிக்கவும் முடிவதில்லை.

இதையும்விடச் சிறிதாக வேண்டுமானால் டி-டிராக் என்ற முறை இருக்கிறது. 'என்' (N) என்ற அளவு ரயிலுக்கானது, அளவுகளைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன். ஒரு துண்டின் பெட்டி 308 மி.மீ. நீளம், அதன் மேல் தண்டவாளம் 310 மி.மீ. இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. வெளியே நிற்பதால் பக்கத்துப் பெட்டியோடு தண்டவாளம் தடையில்லாமல் சேரும். ஒரு தோள்பையில் இரண்டு துண்டு போகும், கூட்டம் குறைந்த லோக்கலில் உட்கார்ந்தே கொண்டுபோகலாம். நான்கு பேர் ஆளுக்கு ஒன்று செய்து ஒரு மேஜையில் கூடினால் காட்சி தயார்.

எந்த அளவு நல்லது? எச்.ஓ.வா (HO), என்னா (N)?

எச்.ஓ. என்பது 1:87, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. பிரிட்டிஷ்காரர்களின் ஓ.ஓ. 1:76, ஆனால் தண்டவாளம் அதே 16.5. என் என்பது 1:160, தண்டவாளம் 9 மி.மீ. இந்த மூன்றுக்குள்தான் முடிவு.

பன்னிரண்டு பெட்டி லோக்கலை முழுசாக ஓட்ட ஆசைப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எச்.ஓ.வில் அது ஏறக்குறைய 3 மீட்டர். என் அளவில் 1.6 மீட்டர். ஐ.சி.எஃப். (சென்னைப் பெட்டித் தொழிற்சாலை) பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர். எச்.ஓ.வில் 24.5 செ.மீ., என் அளவில் 13.3 செ.மீ. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல் இரண்டரை மடங்காவது இருந்தால்தான் பெட்டிகள் மூலையில் தட்டாமல், கண்ணுக்கும் உறுத்தாமல் திரும்பும். கணக்குப் போட்டால் எச்.ஓ.வுக்கு 61 செ.மீ. ஆரம், அதாவது ஒரு முழு வட்டத்துக்கு 1.2 மீட்டருக்கு மேல் அகலம். என் அளவுக்கு 33 செ.மீ. போதும்.

வட்டமாக ஓட்ட வேண்டுமென்றால் என் (N) எடுங்கள். நீளமாக ஒரு அலமாரித் தட்டுபோல் வைத்து ஷண்டிங் (பெட்டிகளைத் தடம் மாற்றிப் பிரித்துச் சேர்ப்பது) செய்ய விருப்பமென்றால் எச்.ஓ. எடுங்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குகிறவர்கள் என் (N) அளவு கப்ளிங்கை (பெட்டிகளை இணைக்கும் கொக்கியை) ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

நம் பிராட் கேஜ் (அகலப் பாதை) 1676 மி.மீ. ஆயிற்றே, 16.5 மி.மீ. தண்டவாளத்தில் சரியாக வருமா?

வராது. 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.26. கடையில் கிடைக்கும் 16.5 உண்மையில் 1435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்கானது. பக்கவாட்டில் பார்க்கும்போது யாருக்கும் தெரியாது. நேர் எதிரே குனிந்து பார்த்தால், குறிப்பாக 12 அடி அகல மும்பை லோக்கல் எச்.ஓ.வில் 42 மி.மீ. அகலத்தில் வரும்போது, கால் ஒடுங்கிய ஆள் நடந்து வருவதுபோல் இருக்கும்.

19.26-க்குத் தண்டவாளம், பாயிண்ட் (தடம் பிரியும் இடம்), அச்சு எல்லாவற்றையும் தானே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மரியாதைக்குரியவர்கள். முதல் லேஅவுட்டுக்கு அந்த வழி வேண்டாம். பார்வையாளர்கள் பக்கவாட்டில் நின்று பார்க்கும்படி பலகையை அமைத்துவிட்டால் பிரச்சினை பாதியாகக் குறையும்.

ஊர்ப் பக்கத்து மீட்டர் கேஜ் ரயிலைச் செய்ய முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். திருநெல்வேலி, தஞ்சாவூர் பக்கம் ஒய்.பி. நீராவி இன்ஜினின் கரி கண்ணில் விழுந்தவர்கள்.

முடியும், அதுவும் பிராட் கேஜைவிட நேர்மையாக. எச்.ஓ.வில் 1000 மி.மீ. என்பது 11.5. அதற்கென்றே 12 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பாவில் கிடைக்கிறது, விலைதான் கையைக் கடிக்கும். சிக்கனமான வழி: 9 மி.மீ. என் (N) அளவுத் தண்டவாளத்தை மீட்டர் கேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 1:111 ஆகிறது. 1:120 என்ற டி.டி. அளவுக்கு அது பக்கம். என் (N) அளவு இன்ஜினின் அடிச்சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே ஒய்.பி.யோ, ஒய்.டி.எம்-4 என்ற டீசல் இன்ஜினோ, அதன் உடலை அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் செய்து மாட்டலாம். ஓடும் பாகம் தொழிற்சாலைத் தரம், பார்க்கும் பாகம் உங்கள் கைவேலை. பழைய பாம்பன் பாலத்தின் ஷெர்சர் தூக்குப் பகுதியை (1914) இந்த அளவில் செய்தால் மாட்டுங்காவில் கூட்டம் கலையாது.

எந்த இடத்தை மாதிரியாக எடுக்கலாம்?

பெரிய டெர்மினஸை விட்டுவிடுங்கள். சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸின் முகப்பைச் செய்யவே வருடக்கணக்கில் ஆகும், அதற்குப் பின்னால் 18 பிளாட்பாரம் காத்துக்கொண்டிருக்கும்.

எனக்குக் கேட்டால் நேரல். மத்திய ரயில்வேயின் பிராட் கேஜ் பிரதான பாதையும் 1907-இல் திறந்த மாதேரான் மலைப் பாதையும் ஒரே நிலையத்தில் சந்திக்கின்றன. மலை ரயிலின் கேஜ் 610 மி.மீ. எச்.ஓ.வில் கறாராக 7 மி.மீ. வரும், 9 மி.மீ. தண்டவாளத்தை வைத்துச் சமாளிக்கலாம். முன்பக்கம் லோக்கல் பறக்கும், பின்பக்கம் குட்டி ரயில் ஊர்ந்து கிளம்பும். வேகத்தில் உள்ள வித்தியாசமே காட்சிக்குப் போதும். பின்னணியில் சஹ்யாத்ரி மலை, முன்னால் வடா பாவ் வண்டி. ஒரே பலகையில் எல்லாம் அடங்கும்.

ஷண்டிங் பிடித்தவர்களுக்கு மும்பை-புணே வழியிலுள்ள போர்காட் மலைப் பாதை. 1863-இல் திறந்த அந்தப் பாதையில் ரயில் ஓரிடத்தில் முட்டுப்பாதைக்குள் போய் நின்று, திசை மாறி ஏற வேண்டியிருந்தது. பின்னாளில் புதிய தடம் வந்ததும் அது கைவிடப்பட்டது. வளைவே இல்லாமல், ஒடுங்கிய பலகையில், ரயில் முன்னும் பின்னும் போய் உயரம் ஏறும் அமைப்பு ஃப்ளாட்டுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

புறநகர் நிலையம்தான் வேண்டும் என்றால் பிளாட்பாரத்தைப் பாதி நீளமாகச் சுருக்குங்கள், ஆனால் நடைமேம்பாலத்தைச் சுருக்காதீர்கள். மும்பை என்று பார்ப்பவருக்குச் சொல்வது அந்தப் பாலமும் மேலே போகும் மின்கம்பிகளும்தான். புறநகரில் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-லிருந்து ஓடுகிறது. கம்பி இல்லாத மும்பையைக் காட்ட வேண்டுமானால் அதற்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டும்.

நிலையத்தில் போய் அளவெடுக்கலாமா?

பிளாட்பாரத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், டைல்ஸை எண்ணி நீளம் கணக்கிடுங்கள். தண்டவாளத்தில் இறங்கி டேப் பிடிப்பது 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி குற்றம். மாடலுக்காக யாரும் அபராதம் கட்ட வேண்டாம், உயிரையும் விட வேண்டாம்.

இன்ஜினும் பெட்டிகளும் எங்கே வாங்குவது?

காட்டோ, பீக்கோ, பாக்மன், ஹார்ன்பி போன்றவை எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-இல் 70-க்கும் ஏறியது. அளவு மாதிரிகளும் பொம்மைகளோடு அதே அத்தியாயத்தில் வருவதால் ஆர்டர் கொடுக்கும் முன் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் ஒரு இன்ஜினுக்கு எப்போதும் இடம் இருக்கும் என்பது இந்தப் பொழுதுபோக்கின் ஆதாரமான நம்பிக்கை.

இன்ஜினுக்கும் பாயிண்டுக்கும் பணத்தைச் செலவிடுங்கள். மற்றதெல்லாம் இங்கேயே கிடைக்கும். லாமிங்டன் ரோட்டில் ரிலே, டையோடு, சர்வோ மோட்டார், ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்பலகை), வயர், கனெக்டர். லோஹார் சாலில் சுவிட்ச், எக்ஸ்டென்ஷன் போர்டு. க்ராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் கைவினைப் பொருள்கள். கட்டடங்களை 3டி அச்சில் எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். மே மாதம் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் ஸ்டேஷன் கூரை தொங்கிவிடும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஒரு நல்ல இன்ஜினின் விலையை முதலில் விசாரியுங்கள். அதைப் பார்த்த பிறகும் ஆசை இருந்தால் மற்றதைப் பேசலாம்.

மழைக்காலத்தில் பலகை வளைந்துவிடுகிறது. என்ன செய்வது?

மும்பையில் வெப்பம் பெரிய எதிரி இல்லை, வருடம் முழுவதும் அது அதிகம் மாறுவதில்லை. ஒரு மீட்டர் தண்டவாளம் 20 டிகிரி ஏறினாலும் மூன்றில் ஒரு மி.மீ. தான் நீளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் இருக்கும் ஈரம் மரத்தை அசைப்பதுதான் தொல்லை.

தடிமனான ஒரே பலகையைவிட 6 மி.மீ. மரைன் ப்ளையை மேலே வைத்து, அதே ப்ளையில் 8 அல்லது 10 செ.மீ. உயரப் பட்டைகளை வெட்டிக் கீழே சட்டம் கட்டினால் எடையும் குறையும், வளைவும் குறையும். பிறகு மேல், கீழ், வெட்டிய விளிம்பு எல்லாவற்றிலும் வார்னிஷ் அடியுங்கள். மேல்பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை அப்படியே விடுபவர்கள் அதிகம். ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறினால் பலகை கிண்ணம்போல் குழியும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டவே வேண்டாம்.

தண்டவாள மூட்டுகளில் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். ஜல்லியை ஒட்ட ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து ஒரு துளி பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டால் உள்ளே இறங்கும். அதை ஜனவரியில் செய்யுங்கள், ஜூலையில் செய்தால் காயவே காயாது. மைதா பசையும் காகிதக்கூழும் சேர்ந்த மலை இந்த ஊர் மழைக்குப் பூஞ்சைக்காடாகும், கரப்பானுக்கும் விருந்து.

தெர்மோகோலில் மலை செய்யலாமா?

அலங்காரத்துக்கான தெர்மோகோலை மகாராஷ்டிர அரசு 2018-இல் தடை செய்தது. கணபதி மண்டபங்களுக்கே அது பொருந்தும்போது பொதுக் காட்சியில் வெள்ளை மலையோடு போய் நிற்காதீர்கள். அட்டைப் பட்டைகளைக் கூடைபோல் பின்னி, அதன் மேல் பிளாஸ்டர் தோய்த்த காஸ் துணியை (காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணி)ப் போர்த்தினால் லேசான, உறுதியான மலை கிடைக்கும். காய்ந்த தென்னைநார்த் தூள், சலித்த ஆற்றுமணல், மரத்தூள் எல்லாம் உதவும். மணலை ஒரு காந்தத்தால் துழாவி எடுத்துவிட்டு உபயோகியுங்கள். அதில் இருக்கும் இரும்புத் துகள் இன்ஜின் மோட்டாருக்குள் ஏறினால் அவ்வளவுதான்.

டி.சி. போதுமா, டி.சி.சி. வேண்டுமா?

ஒரே சமயத்தில் ஒரே ரயில் என்றால், தண்டவாளத்துக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டும் 12 வோல்ட் டி.சி. போதும். ஒரே தடத்தில் இரண்டு இன்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட வேண்டுமென்றால் டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாடு. அதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கான கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

ரயில் நின்று நின்று போகிறது. இன்ஜின் கோளாறா?

பத்தில் ஒன்பது முறை இல்லை. மின்சாரம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடு மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பாதீர்கள், இந்த ஊர் உப்புக்காற்றில் அது சீக்கிரம் கறுக்கும். பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. கனமான இரண்டு வயர்களை நெடுக இழுத்து, தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு மெல்லிய வயரை இறக்கி அவற்றோடு சால்டர் வையுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் காட்சி நாளில் காப்பாற்றுவது இது ஒன்றுதான். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சில்லாத துணியால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

இன்னொன்று, வேகம். உண்மையில் 60 கி.மீ. வேகம் என்பது எச்.ஓ.வில் விநாடிக்கு 19 செ.மீ., என் அளவில் 10 செ.மீ. 90 செ.மீ. பலகையை எச்.ஓ. ரயில் கடக்க ஐந்து விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஆக வேண்டும். கைக்கடிகாரத்தை வைத்துப் பாருங்கள், பெரும்பாலோர் இரண்டு விநாடியில் தாண்டிவிடுகிறார்கள். மெதுவாக ஓட்டத் தொடங்கியதும்தான் வயரிங்கின் லட்சணம் தெரியும்.

கீழே ஒரு தடம், மேலே பாலத்தில் ஒரு தடம் போட ஆசை.

எச்.ஓ.வில் ஒரு ரயில் மேல் இன்னொன்று போக 7.5 செ.மீ. உயரம் வேண்டும். போர்காட்டின் ஏற்றமே 37-க்கு 1. அதே ஏற்றத்தில் 7.5 செ.மீ. ஏற 2.8 மீட்டர் பாதை தேவை, இறங்க இன்னொரு 2.8. மின்கம்பியும் வேண்டுமென்றால் உயரம் இன்னும் கூடும். ஒன் பிஎச்கேயில் இந்த ஆசையை அடக்கிக்கொள்வது உத்தமம்.

கொலுவில் ஓடவிடலாமா?

தாராளமாக. மும்பைத் தமிழ் வீடுகளில் இந்தப் பைத்தியம் பெரும்பாலும் கொலுப் பூங்காவைச் சுற்றிய பிளாஸ்டிக் ரயிலில்தான் பிடித்தது.

ஆனால் கொலு அறை ரயிலுக்குக் கடினமான இடம். கோலமாவு, மஞ்சள், குங்குமம், கற்பூரப் புகை, குத்துவிளக்கு எண்ணெய் ஐந்தும் தண்டவாளத்தில் படியும், பற்சக்கரத்திலும் ஏறும். கோலத்தைத் தடத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், வீட்டில் சொல்லும் துணிவு இருந்தால். தினமும் சாயங்காலம் விளக்கேற்றும் முன் ஒருமுறை துடைக்கவும். வட்டமாக ஓடுவதைவிட இரண்டு நிலையங்களுக்கு இடையே போய்வரும் ரயில் நல்லது. தடத்தின் இரு முனைகளிலும் தனித்துண்டு வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்தால் ரயில் தானாக நிற்கும். ஒரு ஆர்டுயினோவும் ரிலேயும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மின்சாரத்தின் திசையை மாற்றினால் திரும்பக் கிளம்பும். வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுக்கப் போனாலும் ரயில் பாட்டுக்கு ஓடும். இரண்டு இன்ஜின்களை மாற்றி மாற்றி ஓய்வு கொடுங்கள்.

ஹாலில் காட்சிக்கு வைக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

உயரம் முதலில். தண்டவாளம் தரையிலிருந்து 95 செ.மீ. அளவில் இருந்தால் பெரியவர்கள் லேசாகக் குனிவார்கள், எட்டு வயதுப் பிள்ளைக்கு நேராகத் தெரியும். அதற்கும் சிறியவர்களுக்கு ஒரு மரப்படி வையுங்கள். முன்விளிம்பில் 15 செ.மீ. உயர அக்ரிலிக் தகடு கட்டாயம். குழந்தையைக் கண்டிக்க முடியாது, அப்பாவைக் கண்டிப்பது அதைவிடச் சங்கடம்.

பலகைகள் ஒன்றோடொன்று சேரும் விளிம்புதான் எப்போதும் பழுதாகும் இடம். பித்தளை ஆண்-பெண் குமிழ்களால் பொருத்தி, 8 மி.மீ. போல்ட்டால் இறுக்குங்கள். விளிம்பில் தண்டவாள முனைகளைப் பலகையில் முறுக்கிய பித்தளை ஸ்க்ரூவின் தலையில் சால்டர் வையுங்கள். டெம்போவில் ஏற்றும்போது சட்டை மாட்டினாலும் தண்டவாளம் பிய்ந்து வராது. மின் கனெக்டர் தலைகீழாக நுழையாத வகையாக இருக்கட்டும்.

230 வோல்ட் பலகைக்குள் வரவே கூடாது. பவர் சப்ளை பின்னால், தரையில், ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள இணைப்பில் இருக்க வேண்டும். ஹாலில் இருப்பது 6 ஆம்பியர் ப்ளக்கா 16-ஆ என்று முந்தைய நாளே கேளுங்கள், இரண்டுக்குமான எக்ஸ்டென்ஷன் போர்டும் நீங்களே கொண்டுபோங்கள்.

ஆள் கணக்கு: ஒருவர் ஓட்ட, ஒருவர் பேச, ஒருவர் சாப்பிடப் போக. மூன்று பேருக்குக் குறைவாக இருந்தால் மத்தியானத்துக்குள் ஓய்ந்துவிடுவீர்கள். ரயில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அருமையான மலையும் நிற்கும் ரயிலும் இருந்தால் ஜனங்கள் அரை நிமிடத்தில் நகர்வார்கள். சுமாரான பலகையில் ரயில் தவறாமல் வந்துகொண்டிருந்தால் அடுத்தது எது என்று காத்திருப்பார்கள். கடைசி வாரம் கையில் இருக்கும்போது மரம் நடுவதா, பாயிண்டைச் சரிசெய்வதா என்ற குழப்பம் வந்தால் பாயிண்டைச் சரிசெய்யுங்கள்.

பெயர்ப் பலகை எந்த மொழியில்?

மராத்தி, தமிழ், ஆங்கிலம். தமிழ்ச் சங்க ஹாலாகவே இருந்தாலும் மராத்தி வேண்டும். ஹாலைத் திறந்துவிடுபவரும் பக்கத்துச் சொசைட்டிப் பிள்ளைகளும்தான் அதிக நேரம் நின்று பார்ப்பார்கள். நிலையப் பலகையை அசல்போல் மஞ்சளில் கறுப்பு எழுத்தாக எழுதுங்கள்.

பார்ப்பவர்கள் என்ன கேட்பார்கள்?

"அங்கிள், மோதவிடுங்களேன்." "அண்ணா, இதுக்கு எவ்வளவு ஆச்சு?" "வேலைக்குப் போறீங்களா?" முதல் கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் வைத்திருங்கள்: மாட்டேன். மாட்டுங்கா பணிமனையிலோ பரேலிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கட்டாயம் வந்து உங்கள் போகியில் (பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரச் சட்டம்) ஒரு தவறைக் காட்டுவார். அவருக்கு நாற்காலி போடுங்கள்.

தொடங்கும் முன் நேரில் பார்க்க எங்கே போகலாம்?

புணே கோத்ருடில் 1998-இல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம். காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பிவிடலாம். காட்சி முடிந்ததும் அடியில் இருக்கும் வயரிங்கைப் பற்றிக் கேளுங்கள்.

காட்சி முடிந்த பிறகு?

இன்ஜின்களை முதலில் எடுத்துப் பெட்டியில் வையுங்கள், கூட்டம் கலையும் நேரத்தில்தான் பொருள் காணாமல் போகும். பிறகு பெட்டிகள், கட்டடங்கள், கடைசியில் பலகைகள். இரண்டு பலகைகளை முகத்தோடு முகம் பார்க்க வைத்து, இரு முனையிலும் ப்ளைத் தகட்டைத் திருகி ஒரே பெட்டியாக்கினால் மரமும் கம்பமும் உடையாது. மழைக்காலத்தில் அந்தப் பெட்டியைப் பாலிதீனால் இறுக்கிச் சுற்றக் கூடாது, உள்ளே இருக்கும் ஈரம் அங்கேயே தங்கிவிடும். பழைய பருத்திப் புடவையால் மூடி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, இன்ஜின் பெட்டிகளில் மட்டும் சிலிக்கா ஜெல் போடுங்கள். மாதம் ஒருமுறை இன்ஜினை வெளியே எடுத்து ஒரு சில நிமிடம் ஓட்டினால் கிரீஸ் இறுகாது.